பரிமாற்றமா? வாடகையா?

கையடக்கக் கருவியொன்றில் பிள்ளைகள் ஆடும் விளையாட்டைப் பற்றி இத்தகைய இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் வினவக்கூடும். நிறையவே இருக்கிறது என்பது நம் விடை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் ஜப்பானில் வெளியான போக்கிமான் என்னும் விளையாட்டைச் சிறுவயதில் ஆடியவர்கள் இன்று பெற்றோர்களாகி, தம் பிள்ளைகளின் கையிலும் அதன் புதிய பதிப்புகளைக் காண்கிறார்கள். ஒரு தலைமுறையின் பொழுதையும் பொருளையும் கொண்டுசென்ற ஒன்றைக் குறித்துச் சிந்தித்துப் பேசுவது பெரியவர்களின் கடமை. ஆயின், பெரியவர்கள் இதுவரை பேசியவை பெரும்பாலும் இரண்டே. ‘அது பேய்த்தனமானது, தொடாதே’ என்பது ஒன்று. ‘வெறும் விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்’ என்பது மற்றொன்று. இவ்விரு சாராரும் அவ்விளையாட்டை ஒருமுறையேனும் உற்று நோக்கியதில்லை என்பதே நம் முதற் குற்றச்சாட்டு. உற்று நோக்கியிருப்பின், போற்றத்தக்க ஒன்று அதனுள் உண்டென்பதையும், அதனைக் கையில் வைத்திருப்பவர்களே ஆண்டுக்கு ஆண்டு அந்த ஒன்றைக் கெடுத்து வந்துள்ளனர் என்பதையும் கண்டிருப்பார்கள்.

முதலில் பேயை விரட்டிவிடுவோம். ‘பாக்கெட் மான்ஸ்டர்ஸ்’, அதாவது சட்டைப்பைக்குள் அடங்கும் விசித்திர விலங்குகள், என்பதன் சுருக்கமே போக்கிமான். அச்சொல்லைக் கேட்டவுடனே 1999, 2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கிறிஸ்தவ வட்டங்கள் சிலவற்றில் அச்சம் எழுந்தது. 2001இல் சவூதி அரேபியாவின் சமய அறிஞர்கள், சூதாட்டத்தின் சாயலும் பரிணாமக் கொள்கையின் சாயலும் இதில் உண்டெனக் கூறித் தடை விதித்தனர். பரிணாமம் என்று இவ்விளையாட்டு அழைப்பது யாது? கேட்டர்பி என்னும் பச்சைப் புழு, மெட்டாபாட் என்னும் கூட்டுப்புழுவாகி, பின்னர் பட்டர்ஃப்ரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகச் சிறகு விரிக்கிறது, அவ்வளவே. எருக்கஞ்செடியில் புழுவையும் அதன் கூட்டையும் கண்டிருக்கும் எவருக்கும் இது புதிதன்று. ஒரே உயிர் தன் வாழ்நாளுக்குள் உருமாறுவதற்கும் டார்வின் சொன்னதற்கும் பெயரளவில் தவிர வேறு உறவில்லை.

மறுபுறம், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவ்விளையாட்டுக்கு ஆசி வழங்கினார் என்றொரு கதையும் உலவுகிறது. நிகழ்ந்தது அவ்வளவு பெரிதன்று. இத்தாலிய ஆயர் பேரவையோடு தொடர்புடைய ‘சாட் 2000’ என்னும் தொலைக்காட்சி நிலையம், இதில் ஒழுக்கக் கேடு ஏதுமில்லை என்றும், கற்பனை வளமும் நட்புணர்வும் உண்டென்றும் கருத்துரைத்ததாக 2000ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் எழுதின. அது வாய்க்கு வாய் மாறித் திருத்தந்தையின் வாக்காகிவிட்டது. ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் கருத்துக்குத் திருத்தந்தையின் முத்திரை குத்துவதும், ஒரு விளையாட்டுக்கு அலகையின் முத்திரை குத்துவதும் ஒரே சோம்பலில் பிறந்தவை.

‘வெறும் விளையாட்டு’ என்போருக்கு நாம் நீண்ட விடை கூறப்போவதில்லை. பிள்ளைகள் கொடுக்கவும் வாங்கவும், காத்திருக்கவும், தோற்கவும் கற்பது விளையாட்டில்தான். பல்லாங்குழியில் காய் எண்ணிய கைகளே பின்னாளில் கடையில் காசு எண்ணின. விளையாட்டின் விதியை எழுதுபவன் பிள்ளையின் பழக்கத்தையும் எழுதுகிறான் என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

இதனைப் படைத்தவர் சத்தோஷி தஜிரி. 1965இல் பிறந்த இவர் வளர்ந்தது டோக்கியோவின் மேற்கே உள்ள மச்சிதாவில். அன்று அங்கே வயலும் குளமும் மரத்தோப்பும் இருந்தன. கோடை விடுமுறையில் கையில் வலையும் தோளில் சிறு கூண்டுமாகப் பூச்சி பிடிக்கப் போவது ஜப்பானியச் சிறுவர்களின் நெடுநாள் வழக்கம். கொம்புள்ள வண்டுகளுக்கு அங்கே தனி மதிப்பு. மரப்பட்டையில் தேனைத் தடவிவிட்டு வண்டுக்காகக் காத்திருப்பது மற்றச் சிறுவர்களின் முறை. தஜிரியோ, பகலில் வண்டுகள் உறங்க இடம் தேடும் என்பதைக் கண்டறிந்து, மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார். பின்னர் போய்க் கல்லைப் புரட்டினால் வண்டு இருக்கும். தோழர்கள் அவரைப் ‘பூச்சி டாக்டர்’ என்று அழைத்தனராம். பின்பு நகரம் வளர்ந்தது. வயல்கள் வீடுகளாயின; மீன்பிடித்த குளம் தூர்ந்து விளையாட்டு இயந்திரங்கள் நிறைந்த கூடமாயிற்று. குளத்தை இழந்த சிறுவன் அந்தக் கூடத்துக்குள்ளேயே புகுந்து இயந்திரங்களில் மனம் இழந்தான் என்பது இக்கதையின் விந்தை. இளமையில் ‘கேம் ஃபிரீக்’ என்னும் சிற்றிதழை நடத்திய அவர், 1989இல் அதே பெயரில் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அவ்வாண்டில்தான் நின்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ வெளிவந்தது. நான்கு சிறு பேட்டரிகளில் இயங்கும், வண்ணமில்லாத திரை கொண்ட கருவி. இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்கலாம். அக்கம்பியைக் கண்ட மற்றவர்கள் இருவர் மோதுவதற்கான வழியாகவே அதைக் கருதினர். தஜிரியின் மனக்கண்ணிலோ அக்கம்பியின்மேல் ஒரு பூச்சி ஊர்ந்து சென்றது: இவனுடைய பெட்டியிலிருந்து அவனுடைய பெட்டிக்கு. ‘டிராகன் குவெஸ்ட் 2’ என்னும் விளையாட்டில் அரிய பொருளொன்று தமக்குக் கிடைக்காமல், நண்பர் கென் சுகிமோரிக்கு மட்டும் இரண்டு கிடைத்தபோது, ‘ஒன்றை எனக்குக் கொடுக்க வழியில்லையே’ என்று தவித்ததும் இவ்வெண்ணத்துக்கு உரமாயிற்று என்பர். அந்தச் சுகிமோரிதான் பின்னர் இவ்வுயிர்களுக்கு உருவம் வரைந்தவர். எண்ணம் விளையாட்டாகி முடிய ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் கேம் பாயின் காலமே முடிந்துவிட்டதெனப் பலர் கருதத் தொடங்கியிருந்தனர்.

இனி இதன் கணக்கைப் பார்ப்போம்; இவ்விளையாட்டின் உயிர் அக்கணக்கில்தான் இருக்கிறது. முதற்பதிப்பில் மொத்தம் 151 உயிர்கள். புல்லிலும் குகையிலும் நீரிலும் அவற்றைத் தேடிக் கண்டு, மோதித் தளரச் செய்து, ஒரு சிறு பந்தை எறிந்து பிடித்து, பட்டியலை நிறைவு செய்வதே ஆடுவோன் முன் வைக்கப்படும் குறிக்கோள். ஆனால் விளையாட்டு ஒரே கேசட்டாக வரவில்லை. ஜப்பானில் சிவப்பு, பச்சை என்றும், 1998இல் அமெரிக்காவில் சிவப்பு, நீலம் என்றும் இரண்டாக வந்தது. சிவப்பில் 11 உயிர்கள் கிடைக்கா. நீலத்தில் வேறு 11 கிடைக்கா. தொடக்கத்தில் மூன்று குட்டிகளுள் ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டின் குலமே வாராது: 6 போயின. இரு புதைபடிவங்களுள் ஒன்றையே எடுக்கலாம்: 2 போயின. இரு மல்லர்களுள் ஒருவனையே பெறலாம்: 1 போயிற்று. ஈவீ என்னும் குட்டி மூன்று வடிவங்களுள் ஒன்றாக மட்டுமே மாறும்: 2 போயின. நான்கு உயிர்கள் பிறர் கேசட்டுக்குப் போனாலன்றி முழு வடிவம் அடையா: 4 போயின. மியூ என்பதோ முறையான ஆட்டத்தில் எங்குமே கிடைக்காது. ஆக, ஒரு சிறுவன் தன்னந்தனியே எத்தனை திங்கள் உழைத்தாலும் ஒரு கேசட்டில் 124க்கு மேல் பெற இயலாது. எஞ்சிய உயிர்கள் அடுத்த வீட்டில் இருக்கின்றன.

விளையாட்டை இரு பதிப்புகளாகப் பிரிக்கும் யோசனையை நல்கியவர் நின்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ. அதில் வணிக நோக்கு இருந்திருக்காது என்று சொல்லுமளவுக்கு நாம் வெள்ளை உள்ளத்தினர் அல்லர். எனினும் 1996இன் பள்ளி முற்றத்தில் அதன் விளைவு வேறாக இருந்தது. சிவப்புக்காரனுக்கு நீலக்காரன் தேவைப்பட்டான். வல்லவன் எளியவனைத் தேடிப் போக வேண்டியிருந்தது. ஏனெனில், எல்லாப் போர்களிலும் தோற்றவனுடைய பெட்டியிலும் வென்றவனிடம் இல்லாத ஓர் உயிர் இருந்தது.

பரிமாற்றத்தின் விதிகளையும் நோக்குக. மச்சோக் என்னும் உயிர் எத்தனை போர்களில் வென்றாலும் உரியவனிடமே இருக்கும்வரை மச்சோக்காகவே இருக்கும். கம்பி வழியே பிறன் கைக்குப் போய்ச் சேர்ந்த கணத்தில்தான் நான்கு கைகள் கொண்ட மச்சாம்பாக வளரும். அதனைத் திரும்பப் பெற வேண்டுமாயின், அப்பிறன் மனமுவந்து மீண்டும் கம்பியில் அனுப்ப வேண்டும். ‘மாட்டேன்’ என்று அவன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் முறையிட எந்த நீதிமன்றமும் இல்லை. பத்து வயதுச் சிறுவன் தன் பல வார உழைப்பை நண்பனுடைய சொல்லை மட்டும் நம்பிக் கையளிக்கிறான்! பரிமாற்றத்தில் வந்த உயிர், தானே பிடித்த உயிரைவிட ஒன்றரை மடங்கு விரைவாக அனுபவம் பெறும். ஆயினும் புதியவன் அதற்கேற்ற தகுதிப் பதக்கங்களைப் பெறாவிடில் அவன் சொல்லைக் கேளாது. சொன்னதைச் செய்யாமல் உறங்கிவிடும். அதனை முதலில் பிடித்தவனுடைய பெயர் ஒருபோதும் அழியாது. அவன் சூட்டிய செல்லப்பெயரைப் புதியவன் மாற்றவும் முடியாது. கொடையைப் பற்றி நாம் வாசித்த நூல்கள் பலவற்றைவிட இச்சில விதிகள் பிள்ளைகளுக்கு அதைத் தெளிவாகவே சொல்லின என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்விளையாட்டு எரிச்சலூட்டவில்லையா? ஊட்டியது; அளவின்றி ஊட்டியது. குகைக்குள் நுழைந்தால் நாலடி வைப்பதற்குள் சூபாட் என்னும் வௌவால் குறுக்கிடும். அதனைத் துரத்திவிட்டு நாலடி வைத்தால் மற்றொரு வௌவால். ஒரு பெட்டியில் 20 உயிர்களே அடங்கும். பெட்டி நிறைந்ததை மறந்து காட்டின் நடுவே நிற்பவன் முன் அரிய உயிர் தோன்றினாலும் பந்தெறிய இயலாது. பையில் 20 வகைப் பொருள்களே கொள்ளும். ‘சஃபாரி’ என்னும் வேட்டைவெளியில் கட்டணம் செலுத்தி 500 அடிகள் நடக்கலாம். 30 பந்துகள் தரப்படும். அங்கே உணவிட்டால் உயிர் ஓடாமல் நிற்கும், ஆனால் பிடிபடுவது கடினமாகும். கல்லெறிந்தால் பிடிபடுவது எளிதாகும், ஆனால் ஓடிவிடும். சான்ஸி என்னும் இளஞ்சிவப்பு உயிருக்காக அங்கே எத்தனை மாலைப் பொழுதுகள் வீணாயினவோ! மியூடூ போன்ற சில உயிர்கள் உலகிலேயே ஒன்றுதான். கை தவறி அதனை வீழ்த்திவிட்டு ஆட்டத்தைச் சேமித்துவிட்டால் அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கேசட்டில் ஓர் ஆட்டத்தையே சேமிக்க முடியும். அண்ணனின் ஓராண்டு உழைப்பின்மேல் தம்பி புதிய ஆட்டத்தைத் தொடங்கிச் சேமித்துவிட்ட வீடுகளில் நிகழ்ந்தவற்றை விளக்கத் தேவையில்லை.

இவ்வெரிச்சலிலிருந்து பிறந்த ஒரு வழக்கத்தைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. எறிந்த பந்து தரையில் அசையும். ஒருமுறை, இருமுறை, மும்முறை. உயிர் உள்ளே அடங்குமா, பந்தை உடைத்துக்கொண்டு வெளிவருமா என்பது அக்கணத்தில் தெரியாது. அப்பொழுது ஒரு குறிப்பிட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தால் உயிர் அகப்படும் என்று உலகெங்கும் பிள்ளைகள் நம்பினர். ஒருவரையொருவர் அறியாத நாடுகளின் பிள்ளைகள் நம்பினர். அப்பொத்தானுக்கும் பிடிபடுவதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. முடிவைக் கணக்கு ஏற்கெனவே தீர்த்துவிட்டிருக்கும். மூடநம்பிக்கை எவ்வாறு முளைக்கிறது என்று விளக்க விரும்பும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. பேய் இதில் உண்டென்று அஞ்சியோர் இதனையாவது கண்டிருக்கலாம்!

மேற்சொன்ன எரிச்சல்கள் யாவும் பொறுக்கத்தக்கவை. பொறுமையின்மை, மறதி, அவசரம் என்னும் நம் குறைகளையே அவை நமக்குக் காட்டின. 124இல் முட்டி நிற்கும் பெரிய எரிச்சலோ பிள்ளையை வாசலைத் தாண்டி வெளியே அனுப்பியது. நாம் எதிர்ப்பது பின்னர் வந்த வேறொரு வகை எரிச்சலை. அது பிள்ளையை அண்டை வீட்டுக்கு அனுப்புவதில்லை. தந்தையின் பணப்பைக்கு அனுப்புகிறது.

அதன் வித்து முதலாண்டிலேயே விழுந்தது. விளையாட்டு முடிவுறும் தறுவாயில், சோதனைக் கருவிகளை நீக்கியதால் எஞ்சிய மிகச் சிறிய இடத்தில் ஷிகேகி மொரிமோட்டோ என்னும் நிரலாளர் மியூவை நுழைத்து வைத்தார். அது தோழர்களுக்குள் செய்த குறும்பு. ஆனால் 1996 ஏப்ரலில் ‘கோரோகோரோ’ என்னும் சிறுவர் இதழில், மியூவைப் பெற 20 பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்பதாக அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் விண்ணப்பித்தனர். விற்பனையும் ஏறியது. 151இல் கடைசி ஒன்று நண்பனிடமும் இல்லை, உழைப்பிலும் இல்லை. அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அன்று அறிந்தனர். எஞ்சிய பிள்ளைகள் என் செய்வர்? துறைமுகத்தில் நிற்கும் லாரியின் அடியில் மியூ ஒளிந்திருக்கிறது என்று வதந்தி பரவ, அந்த லாரியை நகர்த்த எண்ணற்றோர் முயன்றனர். லாரியின் அடியில் ஒன்றுமே இல்லை.

2002 நவம்பரில் வெளிவந்த ரூபி, சஃபயர் பதிப்புகள் பழைய பதிப்புகளோடு இணையவில்லை. ஆறாண்டுகள் வளர்த்த உயிர்களைப் புதிய கேசட்டுக்குக் கொண்டுசெல்ல எந்த வழியும் இல்லை. பழைய கேசட்டினுள் நினைவைக் காத்துவந்த சிறு பேட்டரியோ ஆண்டுகள் சென்றபின் தீர்ந்துபோகும். தீர்ந்தவுடன் உயிர்களும் பெயர்களும் அழியும். தொழில்நுட்பம் மாறியது என்று அன்று கூறப்பட்டது; அதனை நாம் ஏற்கிறோம். ஆனால் அடுத்து வந்தவற்றுக்கு அச்சமாதானம் போதாது.

2013இன் இறுதியில் ஜப்பானிலும், மறு ஆண்டு பிற நாடுகளிலும் ‘போக்கிமான் பேங்க்’ வந்தது. உயிர்களைச் சேமித்து வைக்கவும் அடுத்த பதிப்புக்கு எடுத்துச் செல்லவும் 2023 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 டாலர் வாங்கினர். 2020 பிப்ரவரியில் ‘போக்கிமான் ஹோம்’ வந்தது. இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு 30 உயிர்களுக்கே இடம். பேங்கிலிருந்து ஹோமுக்கு உயிர்களை மாற்றவோ கட்டணச் சந்தா வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 டாலர். போனவை பேங்குக்குத் திரும்ப மாட்டா. இதற்கிடையே 2018 செப்டம்பரில் நின்டெண்டோவின் புதிய கருவிக்குரிய இணையச் சந்தா தொடங்கியது. தொலைவில் உள்ள நண்பனோடு விளையாட்டினுள் நேரடியாகப் பரிமாற்றம் செய்ய அதற்கும் செலுத்த வேண்டும். அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் கட்டணமின்றிப் பரிமாறிக்கொள்ளலாம் என்பதை நேர்மையோடு குறிப்பிடுகிறோம். ஆனால் நண்பன் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டால் நட்புக்கும் வாடகை உண்டு.

2019 ஜூனில் மற்றொரு அறிவிப்பு. அவ்வாண்டு நவம்பரில் வரவிருந்த ‘ஸ்வோர்டு’, ‘ஷீல்டு’ பதிப்புகளுக்குள் எல்லா உயிர்களையும் கொண்டுவர முடியாது என்று தயாரிப்பாளர் ஜுனிச்சி மசூதா தெரிவித்தார். உருவங்களின் அசைவையும் போர்களின் சமநிலையையும் பேணுவது கடினம் என்பது காரணம். ஆயிரத்தை நெருங்கும் உயிர்களுக்கெல்லாம் அசைவு வரைவது பெரும்பணி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பல ஆண்டுகளாக ‘எல்லாவற்றையும் பிடி’ என்று உலகெங்கும் முழங்கி, உயிர்களை எடுத்துச் செல்வதற்கெனச் சந்தாவும் வாங்கியவர்கள் இதைச் சொன்னார்கள் என்பதே உறுத்துகிறது. சத்திரத்தில் தங்கக் கூலி வாங்கிக்கொண்டு, ஊருக்குள் நுழையும் வாயிலை அடைத்ததற்கு இது நிகர். 2020இல் தனியே விலைக்கு வந்த விரிவாக்கங்களோடு இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் திரும்பின. விரிவாக்கத்தை வாங்காதவரும் பரிமாற்றத்தின் வழியே அவற்றைப் பெறலாம் என்று விட்டுவைத்தது ஓரளவு நியாயமே. ஆனால் அவ்வுயிர்கள் வாழும் காட்டுக்குள் நுழைய வேண்டுமாயின் பணம் செலுத்தியே தீர வேண்டும்.

இன்னும் கொடியது ஒன்றுண்டு. கடைக்காரர்கள் அதனைக் கொடுமையென எண்ணுவதில்லை. ஸ்வோர்டையும் ஷீல்டையும் ஒரே உறையில் வைத்து ‘இரட்டைப் பொதி’ என்று விற்றனர். 2022 நவம்பரில் வந்த ‘ஸ்கார்லெட்’, ‘வயலெட்’ பதிப்புகளையும் அவ்வாறே விற்றனர். இருவர் சந்திப்பதற்காகப் பிரித்த இரண்டையும் ஒருவனுக்கே விற்பதென்றால், பிரித்ததன் பொருள் என்ன? நீலக்காரன் இனித் தேவையில்லை. சிவப்புக்காரனே நீலத்தையும் வாங்கிவிட்டான். எளியவனுடைய பெட்டியில் இருந்த அந்த ஓர் உயிரும் மதிப்பிழந்தது. 1996இன் இரு பதிப்புகளில் கலந்திருந்த நட்பும் வணிகமும் பிரிந்து, இறுதியில் வணிகம் மட்டும் எஞ்சியது.

‘யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்புவோர் வாங்குகிறார்கள்’ என்று கூறுவோர் உண்டு. வளர்ந்தவரை நோக்கி இதனைக் கூறினால் ஏற்கலாம். நிறைவு என்பதையே இலக்காக வைத்து, பட்டியலில் வெற்றிடங்களைக் காட்டி, அவ்வெற்றிடத்தின்மேல் பிள்ளையின் கண் நாள்தோறும் படுமாறு அமைத்துவிட்டு, ‘கட்டாயமில்லை’ என்பது எவ்வகை நேர்மை? ஸ்கார்லெட்டும் வயலெட்டும் பல குறைகளோடு வெளிவந்தன. உருவங்கள் திணறின, காட்சிகள் சிதைந்தன. மறுமாதமே நின்டெண்டோ வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஆயினும் முதல் மூன்று நாள்களில் 1 கோடிப் படிகள் விற்றன. அப்பழக்கத்தின் வலிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

‘நிறுவனமும் பிழைக்க வேண்டாமா?’ என்பது அடுத்த வாதம். வேண்டும். உழைத்தவனுக்குக் கூலி உண்டு. நல்ல விளையாட்டுக்கு நல்ல விலை கேட்கட்டும், நாம் தடுக்கவில்லை. பிள்ளை தானே தேடிப் பிடித்துப் பெயரிட்டுப் பேணியதை வேறிடம் கொண்டுசெல்ல ஆண்டுதோறும் வாடகை கேட்பதையே தடுக்கிறோம். நிலம் உழுபவனுக்கு உரியதா, பட்டா வைத்திருப்பவனுக்கு உரியதா என்று நெடுங்காலம் வழக்காடிய மக்கள் நாம்; இக்கேள்வியின் வேர் நமக்குப் புரியாததன்று.

வௌவால்களை விரட்டவும், காட்டின் நடுவிலேயே பெட்டி மாற்றவும், எல்லா உயிர்களுக்கும் அனுபவத்தைப் பகிரவும் புதிய பதிப்புகளில் வசதிகள் பெருகியுள்ளன. சிறு எரிச்சல்களை எல்லாம் துடைத்தவர்கள் பெரியதை மட்டும் துடைக்கவில்லை. அதற்கு விலைச்சீட்டு ஒட்டினர்.

ஆதலின், இரட்டைப் பொதி கேட்டுப் பிள்ளை வரும்போது பெற்றோர் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கித் தரவும் வேண்டாம். ‘மற்றப் பதிப்பு உன் நண்பர்களுள் யாரிடம் இருக்கிறது?’ என்று கேட்கட்டும். எவரிடமும் இல்லையென்றால் அதைக் குறித்துத்தான் அவனோடு பேச வேண்டியிருக்கிறது, விளையாட்டைக் குறித்தன்று. உரிமையாளர்களிடம் நாம் கேட்பதும் மிகுதியன்று. பழைய உயிர்களைப் புதிய பதிப்புக்குக் கொண்டுசெல்லும் வழியைக் கட்டணமின்றித் திறந்துவைக்கட்டும். அல்லது, எடுத்துச் செல்லலாம் என்று ஆசை காட்டுவதை நிறுத்தட்டும்.

காலம் இதில் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 2006இல் தொடங்கிய டயமண்ட், பேர்ல் பதிப்புகளின் இணையப் பரிமாற்றம் 2014 மே 20 அன்று நின்றது. அடுத்து வந்த 3டிஎஸ் கருவியின் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அதன் இணையச் சேவை 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. பேங்க் மட்டும் தற்போதைக்குத் தொடரும் என்று அறிவித்தனர். ‘தற்போதைக்கு’ என்னும் அச்சொல்லை நம்பியே எத்தனையோ பேர் தம் பிள்ளைப்பருவத்து உயிர்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 1996இல் விற்ற இரண்டு கேசட்டுகளும் இரண்டு கேம் பாய்களும் ஒரு கம்பியும் கிடைத்தால், உள்ளிருக்கும் சிறு பேட்டரியை மட்டும் புதுப்பித்துவிட்டு, இரண்டு சிறுவர் இன்று மாலையே திண்ணையில் அமர்ந்து மச்சோக்கை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு எந்த நிறுவனத்தின் கதவும் திறந்திருக்க வேண்டியதில்லை.